பதினாறு அங்குல ஆசை

உங்கள் வீட்டில் இருபது வயதில் ஒரு பிள்ளையும், வாசலில் ஒரு சின்னக் காரும் இருந்தால், கீழே வரும் சம்பாஷணை என்றைக்காவது ஒரு நாள் உங்கள் காதில் விழத்தான் போகிறது. இன்னும் விழவில்லையென்றால், விழுவதற்கு முன்பே இதைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

"அம்மா, அடுத்த மாசம் கோயமுத்தூர்ல ஆட்டோகிராஸ் நடக்குதுங்க. பேரு குடுத்துட்டனுங்க."

"அதென்ன சாமி கிராஸு?"

"நம்ம காரைத்தானுங்க ஓட்டறது. வீல் மட்டும் மாத்தோணும். பதினாறு இஞ்சு அலாய். கொஞ்சம் பணம்..."

"இப்ப இருக்கற வீலுக்கு என்ன கண்ணு கேடு? நல்லாத்தான சுத்துது?"

அம்மாவின் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். மோட்டார்ப் பந்தயம் தெரிந்தவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஆட்டோகிராஸ் என்றதும் பத்துக் கார்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு ஓடும் என்று பயந்துவிடாதீர்கள். ஒரு திறந்த மைதானம். வளைந்து வளைந்து போகும் பாதை. ஓரமெல்லாம் அடையாளக் கூம்புகள். பெரும்பாலும் ஒரு சமயத்தில் ஒரு கார்தான் ஓடும். கையில் கடிகாரத்துடன் ஒருவர் நிற்பார். யார் குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறாரோ அவருக்குப் பரிசு. அமெரிக்காவில் இதைத் தார்த் தரையில் நடத்துவார்கள். நம் நாட்டில் அநேகமாக மண் தரை. முதல் கியர், இரண்டாவது கியர், அவ்வளவுதான். நம் வீட்டுப் பிள்ளைகள் அவிநாசி ரோட்டில் நமக்குத் தெரியாமல் போகிற வேகத்தைவிட இது குறைவாகவே இருக்கும்.

நம் கொங்கு நாட்டுக்கு இந்த விளையாட்டு புதிதும் அல்ல. கோயமுத்தூர் மில் குடும்பத்தில் பிறந்த கரிவர்தன் என்பவர், எல்லார் வீட்டு வாசலிலும் நின்ற மாருதி 800-இன் எஞ்சினை எடுத்து 'பார்முலா மாருதி' என்ற பந்தயக் காரை உருவாக்கினார். பணக்காரர் விளையாட்டாக இருந்ததைச் சற்றே கீழே இறக்கிவைத்த புண்ணியம் அவருடையது. 1995-இல் விமான விபத்தில் காலமானார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயப் பாதைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். சுற்றளவு 2.1 கிலோமீட்டர். இந்தப் பக்கம் பல்லடத்தை அடுத்த கேத்தனூரில், காற்றாலைகளுக்கு நடுவே ஓடும் மண்சாலைகளில் தேசிய ராலிக் கார்கள் புழுதி கிளப்பியிருக்கின்றன. ஆகவே திருப்பூர்ப் பிள்ளைக்கு இந்த ஆசை வந்தால், அது காற்றுவாக்கில் வந்த ஆசைதான். பெண்ணுக்கு வந்தாலும் அப்படியே. சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா பந்தயக் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் ஆண்களோடு போட்டியிட்டுப் பெயர் வாங்கியவர்.

ஆசை இருக்கட்டும். பணப்பெட்டிச் சாவி உங்களிடம் இருக்கிறதே! அதைத் திறக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். வாசலுக்குப் போய்க் காரின் டயரைக் குனிந்து பாருங்கள். பக்கவாட்டில், எழுத்து மேலெழும்பி நிற்கும். மாருதி ஸ்விப்ட் போன்ற கார் என்றால் '165/80 ஆர் 14' என்று இருக்கலாம். இதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் எந்த டயர்க் கடையிலும் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

பனியன் கம்பெனிகளுக்கு நடுவே குடியிருக்கிற உங்களுக்கு இது கஷ்டமே இல்லை. நிட்டிங் மெஷினின் 'டயா' அங்குலத்தில்; துணியின் கனம் ஜி.எஸ்.எம். என்று கிராமில், பனியன் சைஸ் எண்பது, எண்பத்தைந்து என்று சென்டிமீட்டரில். ஒரே பனியனுக்கு மூன்று அளவுகோல்! டயரும் அதே ஜாதி. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது சதவிகிதம்: அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு, பக்கச் சுவரின் உயரம். 14 என்பது நடுவிலுள்ள இரும்புச் சக்கரத்தின் டயா, அங்குலத்தில்.

'ஆர்' என்ற எழுத்துக்கு விளக்கம் தையல்காரரிடம் கேட்டால் சட்டென்று புரியும். டயரும் ஒரு ஜவுளிச் சரக்குதான், அம்மா! 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற கால்நடை வைத்தியர், தம் சின்ன மகனின் மூன்று சக்கர சைக்கிள் கடகடவென்று அதிராமல் ஓட வேண்டுமே என்று ரப்பர்க் குழாயில் காற்றடைத்து, அதன்மேல் துணி சுற்றிக் கட்டினார். இன்றும் ரப்பருக்குள்ளே நைலான், பாலியஸ்டர் நூல்கள் இருக்கின்றன. பழைய அம்பாஸிடர் காலத்து டயரில் அந்த நூல்கள் மூலைவாட்டில், 'பயஸ் கட்டிங்' போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பயஸில் வெட்டிய துணி இழுத்தால் இழுபடுமல்லவா, அந்த டயரும் திருப்பத்தில் அப்படியே நெளியும். ரேடியல் டயரில் நூல்கள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகப் போகின்றன. மேலே எஃகுக் கம்பியால் ஒரு பெல்ட் கட்டியிருக்கும். நெளிவு குறைவு, பிடிப்பு அதிகம். 'ஆர்' என்றால் ரேடியல்.

இப்போது மளிகைக் கணக்குப் போடுகிற பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 165-இல் 80 சதவிகிதம் 132. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், ஆக 264. நடுவே 14 அங்குலம், அதாவது 355.6 மில்லிமீட்டர். கூட்டினால் 619.6. சுமார் 620 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இதுதான் டயரின் முழு உயரம். இந்த எண்ணை மட்டும் மனசில் பதித்துக்கொள்ளுங்கள்.

அதே கார் வகையில் சற்று விலை கூடிய மாடலுக்குக் கம்பெனிக்காரர்களே 185/65 ஆர் 15 போடுகிறார்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: 621.5. ஏறக்குறைய அதே உயரம்! இரும்பு பெரிதானபோது ரப்பர்ச் சுவரைக் குறைத்துச் சரிக்கட்டியிருக்கிறார்கள். பிள்ளை கேட்கிற பதினாறு அங்குலத்தில் 195/55 போட்டால் 620.9. அதுவும் சரியாகத்தான் வருகிறது. ஆகவே 'பதினாறு பொருந்தாது' என்று ஒரேயடியாக அடித்துப் பேசாதீர்கள், தோற்றுப் போவீர்கள். பொருந்தும். பொருந்துவதால் என்ன லாபம் என்பதுதான் கேள்வி.

முதல் விஷயம், பக்கச் சுவர். 132 மில்லிமீட்டராக இருந்தது 107 ஆகிவிட்டது. ஓர் அங்குல ரப்பர் போயிற்று. தார்த் தரையில் இதனால் நன்மை உண்டு. கார் திரும்பும்போது டயர் ஒருபக்கமாக மடங்காது. ஸ்டியரிங் சொன்ன சொல் கேட்கும். ஆனால் மண் மைதானத்தில் ஒரு கல்லோ, பள்ளமோ வந்தால்? ரப்பர் வாங்கிக்கொள்ள வேண்டிய அடியை ரிம் வாங்கிக்கொள்ளும். வளைந்த ரிம்மில் காற்று நிற்காது.

இரண்டாவது, அகலம். 'அகல டயர், அதிகப் பிடிப்பு' என்பது தாருக்குப் பெரும்பாலும் சரி. புழுதி மண்ணுக்குச் சரியல்ல. குறுகிய டயர் மேல் மண்ணை வெட்டிக்கொண்டு கெட்டியான அடித்தரையைப் பிடிக்கும். அகல டயர் புழுதிமேல் மிதக்கும். மழையில் தேங்கிய தண்ணீர்மேல் வேகமாகப் போனாலும் அதே கதைதான். ஐப்பசி அடைமழையில் பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தைகளை அழைத்து வருகிற கார் அல்லவா அது?

மூன்றாவது, எடை. தையல் மெஷின் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் கனமாக இருந்தால், ஓட ஆரம்பித்த பிறகு நன்றாக ஓடும். ஆனால் கிளப்பவும் நிறுத்தவும் கால் வலிக்கும். ஆட்டோகிராஸ் முழுக்கக் கிளப்புவதும் நிறுத்துவதும்தான். அலாய் என்றாலே லேசு என்று நினைக்க வேண்டாம். அலங்காரத்துக்குச் செய்த மலிவு அலாய் சக்கரம், கம்பெனி கொடுத்த இரும்புச் சக்கரத்தைவிடக் கனமாக இருப்பது உண்டு. கடையில் வீட்டுத் தராசோடு நின்றாலும் தப்பில்லை. டயரோடு சேர்த்து நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

கொஞ்சம் விஷயம் தெரிந்த பிள்ளை இங்கே வேறொரு வழி சொல்லும்: "அப்படீன்னா பெரிசு வேண்டாமுங்க. சின்னதாப் போட்டுக்கறேன்." கெட்டிக்காரப் பிள்ளை. 175/65 ஆர் 14 போட்டால் உயரம் 583 மில்லிமீட்டர்தான். நூற்றுக்கு ஆறு பங்கு குறைவு. சக்கரம் சின்னதானால் எஞ்சின் சுலபமாக இழுக்கும். கார் 'விர்'ரென்று கிளம்பும். கூடவே காரின் வயிறு 18 மில்லிமீட்டர் தாழும்; திருப்பத்தில் சாய்வு குறையும். ஆட்டோகிராஸுக்கு இது நியாயமான யோசனைதான். ஆனால் இரண்டாவது கியரில் எண்பது வரை போன கார் இப்போது எழுபத்தைந்திலேயே மூச்சு வாங்கும். மைதானத்தில் ஒரே ஒரு நீண்ட நேர்பாதை இருந்தால் போதும், நடுவில் ஒரு கியர் மாற்ற வேண்டி வந்து, சம்பாதித்த நேரமெல்லாம் அங்கே செலவாகிவிடும். வீட்டிலோ, ஸ்பீடாமீட்டர் 60 என்று காட்டும்போது கார் உண்மையில் 56-க்குச் சற்று மேலேதான் போய்க்கொண்டிருக்கும். நம் தெரு வேகத்தடையில் வயிறும் உரசும்.

நேர்மாறாக, உயரம் பார்க்காமல் 195/65 ஆர் 16 வாங்கி மாட்டினால் 660 மில்லிமீட்டர். கார் சோம்பேறியாகிவிடும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 64. பாட்டி, அத்தை, மூட்டை முடிச்சு எல்லாம் ஏற்றிப் பழனிக்குப் புறப்பட்டால் பின் டயர் மட்கார்டில் தேய்க்கும். தேய்ந்த ரப்பர் ஒரு நாள் வெடிக்கும். இந்தத் தவறைச் செய்பவர்கள் மூன்று எண்களில் கடைசி எண்ணை மட்டும் படித்தவர்கள்.

அளவு எதுவானாலும் ஐந்தாவது சக்கரத்தை மறக்கக் கூடாது. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியும் அதே உயரமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் பெரிது, மறுபக்கம் சிறிது என்று ஓடினால் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டி ஓயாமல் சுழன்று சூடேறும். சக்கரத்து நட்டுத் துளைகளின் வட்டமும், சக்கரம் உள்ளே வெளியே எவ்வளவு தள்ளி உட்காருகிறது என்ற அளவும் காருக்குரியதாகவே இருக்க வேண்டும். 'கொஞ்சம் தட்டினால் உட்கார்ந்துவிடும்' என்று கடைக்காரர் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

டயர் என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறவர்களுக்கு நம் கோயமுத்தூர்ப் பையன் ஒருவரின் கதையைச் சொல்லலாம். நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயனும் பழைய ராலி வீரர். அந்த வருஷம் ஜூன் 19-ந் தேதி அமெரிக்காவில் இண்டியனாபொலிஸில் பந்தயம். இரண்டு நாள் முன்னதாகப் பயிற்சியில், சாய்வான ஒரு வேகத் திருப்பத்தில், மிஷெலின் டயர் போட்ட ஒரு காரின் டயர் பழுதாகிச் சுவரில் மோதியது. 'அந்தத் திருப்பத்துக்கு எங்கள் டயர் தாங்கும் என்று உறுதி கூற இயலாது' என்று மிஷெலின்காரர்களே சொல்லிவிட்டார்கள். பந்தயத்தன்று இருபது கார்கள் புறப்பட்டன. பந்தயம் தொடங்குமுன் ஓடும் அணிவகுப்புச் சுற்றின் முடிவிலேயே பதினாலு கார்கள் ஒதுங்கிக்கொண்டன. உலகத்தின் மிகப் பெரிய ஓட்டுநர்களும், கோடிக்கணக்கில் பணம் கொட்டிய கம்பெனிகளும், டயர் சரியில்லை என்ற ஒரே காரணத்தால் வெளியே நின்றார்கள். பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறே கார்கள் ஓடின. நரேன் நாலாவதாக வந்தார். பார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை.

'ஆறு பேரில் நாலாவதுதானே!' என்று அப்போது கேலி பேசியவர்கள் உண்டு. எனக்கு அந்த ஆறு பேரைவிட ஒதுங்கிய பதினாலு பேர்மீதுதான் மரியாதை அதிகம். ஒரு லட்சம் ஜனங்கள் கூச்சலிட்டாலும் நம்பிக்கையில்லாத டயரில் ஓடமாட்டேன் என்று சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும். உங்கள் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய துணிச்சல் அதுதான்.

சரி, கடைசியில் பணம் கொடுக்கலாமா, கூடாதா? கொடுங்கள். ஆனால் வரிசை உங்களுடையதாக இருக்கட்டும்.

முதல் செலவு, நல்ல ஹெல்மெட். இரண்டாவது, கம்பெனி சொன்ன அதே அளவில் நாலு புது டயர். பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். '2324' என்றால் 2024-ஆம் வருஷம் 23-ஆவது வாரத்தில் செய்தது. பழைய சரக்கைப் புதிது என்று தள்ளிவிட முடியாது. வீட்டிலிருக்கும் டயரில் பள்ளங்களுக்கு நடுவே சிறு கட்டைகள் தெரியும், உயரம் 1.6 மில்லிமீட்டர். ரப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால், மைதானத்துக்கு மட்டுமல்ல, மார்க்கெட்டுக்கும் உதவாது.

மூன்றாவது, காற்று பார்க்கும் கேஜ் ஒன்று. இதில் ஒரு வேடிக்கையான வித்தை இருக்கிறது. கட்டிங் மாஸ்டர் துணியில் கோடு போடுகிற சாக்கால் டயரின் தோள்பட்டையில் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். தார்த் தரையில் ஒரு சுற்று ஓட்டி வந்ததும் பாருங்கள். கோடு தோள்பட்டையையும் தாண்டிப் பக்கச் சுவர்வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதாது. தோள்பட்டைக்கு வராமலே நின்றிருந்தால் காற்று ஜாஸ்தி. பதினாறு அங்குலம் கொடுக்கும் லாபத்தில் பாதியை இந்தச் சாக்குத் துண்டு கொடுத்துவிடும்! வீடு திரும்புமுன் டயர் ஆறியதும், கதவருகே கம்பெனி ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றை மாற்றிவிட வேண்டும்.

ஒரு வருஷம் இப்படி ஓட்டட்டும். அதற்குப் பிறகும் ஆசை தணியவில்லையென்றால், அதே அளவில் பந்தயத்துக்கென்று தனியாக நாலு சக்கரம் வாங்கிக்கொடுங்கள். மைதானத்தில் மாட்டி, மைதானத்திலேயே கழற்றலாம். வீட்டு டயர் தேயாது. பதினாறு அங்குலம் அதற்கும் பிற்பாடு.

இரண்டு காகிதங்களையும் பாருங்கள். ஒன்று, பந்தயம் நடத்தும் கிளப்பின் விதிகள். எந்தப் பிரிவில் எந்த டயர், என்ன அளவு என்று அதில் எழுதியிருக்கும்; படிக்காமல் வாங்கிய சக்கரம் வாசலிலேயே நிறுத்தப்படலாம். மற்றது உங்கள் பீரோவில் இருக்கும் இன்ஷூரன்ஸ் பாலிசி. சொந்தக் காருக்கான பாலிசியில் ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயங்களுக்கு ஈடு கிடையாது என்று சாதாரணமாகவே ஒரு வரி உண்டு. மைதானத்தில் நசுங்கினால் செலவு உங்களுடையது. தவிர, 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்த கம்பெனி குறித்தபடிக்கு மாறாக வண்டியை மாற்றுவதை அனுமதிப்பதில்லை. அளவை மாற்றுமுன் இதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பந்தய நாளன்று காலையில் நீங்களும் கூடப் போய் வாருங்கள். காருக்குள் கிடக்கும் தண்ணீர்ப் பாட்டில், குடை, கால்மிதி, பிள்ளையார் பொம்மை எல்லாவற்றையும் எடுத்து ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பத்தில் பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு போகிற பாட்டில், எந்த டயரையும்விட அபாயமானது. முதல் சுற்று முடிந்ததும், "நட்டெல்லாம் இன்னொரு தடவை முடுக்கிப் பாத்தியா சாமி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களும் குனிந்து நட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள்.